கூடத்தில் ஓடிய பெட்டி

மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கும் செத்துவிட்டது என்று மீரா சாகிபு போனில் சொன்னபோது நாகநாதனுக்குப் பேச்சு எழவில்லை. உச்சிப்புளிக் கடைத்தெருவில் அவனுடைய கம்ப்யூட்டர் கடைக்கு முன்னால் மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அது போகட்டும் என்று காத்திருப்பவனைப்போல அவன் போனைக் காதிலேயே வைத்திருந்தான். பஸ் போன பிறகும் வார்த்தை வரவில்லை.

"தம்பி, லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன் மாமா."

"டாக்டரே வாயடைச்சுப் போனா சீக்காளி என்ன செய்வான்? வாங்க. உங்களத் திட்டமாட்டேன். திட்டுறதுக்குத் தெம்பும் இல்ல."

புதுமடம் போகும் சாலையில் கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நாகநாதன் வண்டியை மெதுவாகவே ஓட்டினான். பையில் புது டிஸ்க் ஒன்று இருந்தது. அதை மாட்டுவது பெரிய வேலை இல்லை. அந்த வீட்டில் போய் என்ன காரணம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. முதல் டிஸ்க் போனபோது ஒரு காரணம் சொன்னான். இரண்டாவது போனபோது வேறொன்று. இரண்டையும் நம்பித்தான் சொன்னான். மூன்றாவது முறை போய் நிற்கிறவன் எதைச் சொன்னாலும் அது அவன் காதுக்கே பொய்யாகத்தான் கேட்கும்.

அந்தப் பெட்டியை மீரா சாகிபுவின் மகன் மஹ்மூது போன வருடம் சார்ஜாவிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்தான். இரண்டு செங்கலைச் சேர்த்து நிறுத்தினால் என்ன உயரமோ அவ்வளவுதான் இருக்கும். கறுப்பு நிறம். உள்ளே இரண்டு டிஸ்க்குகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றில் எழுதுவதை அது தானாகவே மற்றதிலும் எழுதிக்கொள்ளும். வீட்டு மோடத்தோடு வயரில் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதில் சேமிக்கலாம், எடுக்கலாம். இணைத்துக் கொடுக்க நாகநாதனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு எதுக்கு மாப்ள இத்தாம் பெரிய பெட்டி? கலியாண வீடியோவா?" என்று அன்று அவன் கேட்டான்.

மஹ்மூது சிரித்தான். பல் தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிற ஆள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று வீட்டு லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேசுவதை அப்படியே பதிவு செய்து இந்தப் பெட்டியில் போட ஒரு ஏற்பாடு செய்திருந்தான்.

"கலியாணமாகி நாலு வருசம் ஆச்சு. கூடி இருந்ததச் சேத்துப் பாத்தா ஒரு மழக்காலம் தேறாது. மிச்சக் குடித்தனம் பூரா இதுக்குள்ளதான் நடக்குது. கெழவன் கெழவி ஆன பொறவு உக்காந்து பாப்போம்னு இருக்கோம்."

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் அவன் வேலை முடிந்து சாலையைக் கடக்கும்போது வேன் ஒன்று அடித்துப் போட்டது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். வீட்டிலிருந்து யாரும் முகம் பார்க்கவில்லை. அவன் மனைவி காலிதா சேதி தெரிந்த அன்றைக்கே உள்ளறையில் இத்தா இருக்கப் போனாள். நாலு மாதம் பத்து நாள், வேற்று ஆண் முகம் பார்க்காமல், அவசியமில்லாமல் பேசாமல், அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். அறை வாசலில் பச்சைத் திரை தொங்கியது. லேப்டாப் உள்ளே போனது. பெட்டியும் உள்ளே போனது. கூடத்தில் இருந்த மோடத்திலிருந்து ஒரு வயர் மட்டும் தரையோடு தரையாகத் திரைக்கு அடியில் நுழைந்தது.

அதற்கப்புறம் சில வாரங்களில்தான் முதல் டிஸ்க் போனது. பெட்டியின் முகப்பில் எரியும் இரண்டு பச்சை விளக்குகளில் இடதுபக்கத்து விளக்கு சிவப்பாகிவிட்டது. நாகநாதன் வந்து பார்த்தான். சில டிஸ்க் பிறக்கும்போதே சீக்காகப் பிறக்கும் என்று சொல்லிப் புதிது போட்டான். வலதுபக்கத்து டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாக இருந்தது. புது டிஸ்க் அதிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டது.

"ரெண்டு இருக்குல்ல மாமா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். பயப்படாதீக" என்று அன்று சொன்னது இப்போது வண்டியில் போகும்போது அவன் காதில் விழுந்தது.

இரண்டாவதும் இடதுபக்கம்தான் போனது. அப்போது கரண்டைக் குற்றம் சொன்னான். தினமும் கரண்டை நிறுத்துகிறார்கள், திரும்பி வரும்போது அது உதைத்துக்கொண்டு வருகிறது என்றான். யு.பி.எஸ். ஒன்று வாங்கி வைத்தான். பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போய் எல்லாவற்றையும் வேறொன்றில் இறக்கி வைக்கட்டுமா என்றும் கேட்டான். அதற்கு மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"பெட்டி வெளிய போக வேணாம் மாமி."

மாமியார் ஹமீதா பானு தாழ்ந்த குரலில் விளக்கினாள். "அதுல அவ தலையில துணி இல்லாம, புருசங்கிட்டப் பேசுற மாதிரி பேசிருக்கா தம்பி. நீங்க பாக்க மாட்டீக, அது தெரியும். கடையின்னா நாலு பேரு வருவான் போவான்."

நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது. இன்னொரு டிஸ்க்கைக் கொண்டுவந்து இதே கூடத்தில் வைத்தே இறக்கியிருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. இரண்டு இருக்கிறதே என்று விட்டுவிட்டான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மீரா சாகிபு கூடத்தில் பாய் விரித்து வைத்திருந்தார். பாயின் நடுவில் பெட்டி இருந்தது. வயர்களைக் கழற்றிவிட்ட பிறகு அது எதற்கும் உதவாத சாமான் போலத் தெரிந்தது.

"பாருங்க. எப்பவும் அந்த இடது பயதான் மவுத்தாகுறான். வலது பய கல்லு மாதிரி நிக்கிறான்."

"இடதுபக்கத்துப் பொந்துலயே கோளாறோ என்னமோ மாமா. போன தடவையே அதத்தான் நெனச்சேன். அதுக்குத்தான ஒரு நாள் பூரா இங்கன வச்சு ஓட்டிப் பாத்தோம்."

"ஆமா, ஓடுச்சே. மான் மாதிரி ஓடுச்சு. உள்ள போனாத்தான் படுத்துக்கிருது." பெரியவர் தொண்டையைச் செருமினார். "சில மாப்பிள்ளைக அப்படித்தான் தம்பி. கூடத்துல உக்காந்தா ஊர் நியாயம் பூரா பேசுவான். உள்ள போனா வாயத் தொறக்க மாட்டான்."

ஹமீதா பானு அடுப்படியிலிருந்து, "இந்த மனுசனுக்கு நேரங்காலம் கிடையாது" என்றாள். அதில் கோபம் இல்லை. அவர் ஏதாவது பேசிக்கொண்டிருந்தால்தான் அந்த வீட்டில் மூச்சு விட முடியும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

நாகநாதன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து இடதுபக்கத்து மூடியைக் கழற்றினான். கேள்வி அங்கேதான் இருந்தது. கூடத்தில் ஓடுவது அறையில் ஏன் ஓடவில்லை? உப்புக்காற்று என்றால் கூடத்தில்தான் அதிகம். கடல் பக்கத்து ஜன்னல் இங்கேதான் இருந்தது. கரண்ட் என்றால் இரண்டு இடத்துக்கும் ஒரே கரண்ட். அறையை அவன் பார்த்ததில்லை. இத்தா இருக்கும் அறையை எட்டிப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு முறையும் ஹமீதா பானு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள், சரியானதும் தூக்கிக்கொண்டு போவாள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம், "வாசலுக்குப் பக்கத்துல மேசை மேலதான்" என்றாள்.

டிஸ்க்கை உருவி எடுத்துவிட்டுக் காற்றோட்டத்துக்காக விட்டிருந்த துளைகளை விரலால் தடவினான். வலதுபக்கத்துத் துளைகளில் மெல்லிய மணல்தூசி மட்டும் இருந்தது. இடதுபக்கத்துத் துளைகள் அடைத்திருந்தன. சிறிய இடுக்கியால் அடைப்பைப் பிடித்து இழுத்தான். தூசியாக உதிரும் என்று நினைத்தான். அது நூலாக வந்தது. நீலமும் வெள்ளையும் கலந்த பருத்தி நூல், துவைத்துத் துவைத்துப் பஞ்சாய்ப்போன கைலியிலிருந்து பிரிந்தது. பின்பக்கத்து மின்விசிறியைக் கழற்றியபோது அதன் அச்சில் நீளமான முடி ஒன்று சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது.

அவன் கைகள் நின்றுவிட்டன.

மேசை என்றால் இது ஏன் வருகிறது? போன முறை நீளமான வயர் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். வாசலுக்குப் பக்கத்து மேசைக்குப் பழைய வயரே போதும். அன்று அதைப் பற்றி யோசிக்காமல் வெட்டிக் கொடுத்தான். வயர் மேசைக்குப் போகவில்லை. அதற்கப்பால் எங்கோ, துணி சுற்றி, இடதுபக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து, தலைமுடி படுகிற தூரத்தில் பெட்டி இருந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே.

அவன் ஹமீதா பானுவை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் கையிலிருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  காற்றில் ஜன்னல் கதவு லேசாக அடித்தது.

"மேசை மேலதான் வைப்போம்" என்று அவள் மறுபடி சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

மீரா சாகிபு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னத்தா?"

"படுக்கையில வச்சிக்கிறா." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். "மஹ்மூது கட்டுன கைலியில சுத்தி, பக்கத்துல போட்டுக்கிட்டு, மேல கைய வச்சிக்கிட்டாத்தான் கண்ண மூடுறா. அது இல்லாட்டி விடிய விடிய உக்காந்திருக்கா. வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாக? புள்ளைக்குப் புத்தி பெரண்டு போச்சும்பாக. அதான் மேசைன்னேன்."

பெரியவர் வாயில் வைத்திருந்த வெற்றிலையை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பேசுகிற முகத்திலிருந்து வேடிக்கை போய்விட்டால் எவ்வளவு வயதாகிவிடுகிறது என்று நாகநாதன் பார்த்தான்.

அவன் மிச்சமிருந்த டிஸ்க்கின் மேல் கவனத்தைத் திருப்பினான். இந்த வீட்டில் அவனால் ஆகக்கூடியது அது ஒன்றுதான். வயரை மாட்டிப் பெட்டிக்கு உயிர் கொடுத்தான். வலதுபக்கத்து டிஸ்க் சுழலத் தொடங்கியது. குனிந்து காதை அருகில் கொண்டுபோனான். சுழலும் சத்தத்துக்கு நடுவில், நகத்தால் தகரத்தைச் சுண்டுவதுபோல, டிக். கொஞ்சம் விட்டு மறுபடி, டிக்.

கல்லு மாதிரி நின்றவனும் போகப்போகிறான்.

இனிமேல் புது டிஸ்க்கை உள்ளே மாட்டி முழுவதையும் எழுதிக்கொள்ளட்டும் என்று விட முடியாது. அவ்வளவு நேரம் இது தாங்காது. கையில் இருந்த புது டிஸ்க்கை வெளியில் வைத்து, ஒவ்வொரு பதிவாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். பெட்டி கூடத்திலேயே இருக்க வேண்டும். எடுக்கிற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. இதையெல்லாம் மாமியாரிடம் சொல்லி அனுப்புவதா, நேரே சொல்வதா என்று யோசித்தான். பிறகு திரையைப் பார்க்காமல், திரையை நோக்கிப் பேசினான்.

"தங்கச்சி, நாகநாதன் பேசுறேன். மத்த டிஸ்க்கும் முடியப் போகுது. இப்பவே எடுத்தா எடுக்கலாம். இதுக்குச் சூடும் ஆகாது, அசைவும் ஆகாது. அதான் இது இன்னைக்கு இங்கனயே இருக்கட்டும்."

உள்ளே அரவம் இல்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. பேசாமல் காத்திருப்பது அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தப் பேசாமை வேறு மாதிரி இருந்தது. அதற்குள் ஒருத்தி எதையோ ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடு ஆகாதா?" என்று குரல் கேட்டது. போன முறை கேட்ட ஒற்றை வரியில், இவ்வளவு சின்னப் பெண்ணின் குரல் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஆகாதும்மா."

"அது சூடாத்தான இருந்துச்சு. கை வச்சா உள்ள ஓடுறது தெரியும்."

அவன் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நாந்தான் கெடுத்தேனா?"

"அப்படியெல்லாம் இல்ல. உப்புக்காத்து, கரண்டு, எல்லாஞ் சேந்துதான்..."

"அண்ணே." குரல் உயரவில்லை. "அவுக மவுத்தான சேதி வந்த அன்னைக்கும் எங்கிட்ட, 'ஆசுபத்திரியில இருக்காக, கண்ணு முழிச்சிட்டாக'ன்னு சொல்லி அஸர் தொழுகை வரைக்கும் உக்கார வச்சிருந்தாக. நான் அவுகளுக்காக நேந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்நேரம் மண்ணே போட்டாச்சு. நீங்களும் அப்படிச் சொல்லாதீக."

மீரா சாகிபு தலையைக் குனிந்துகொண்டார். அன்று அந்தப் பொய்யை முதலில் சொன்னவர் அவர்தான்போல.

நாகநாதன் நூலைப் பாயின் மேல் வைத்தான். "ஆமாம்மா. துணி சுத்துனதுல சூடு வெளிய போக வழியில்ல. ஓடுறப்ப அங்கன இங்கன பெரட்டுனா, உள்ள எழுதுற முள்ளு சுத்துற தட்டுல போய் இடிக்கும். அதான் காரணம். வேற ஒண்ணுமில்ல." பிறகு, "நானும் முன்னாடியே தனியா ஒரு டிஸ்க்ல எடுத்து வச்சிருக்கணும். ரெண்டு இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றான்.

அழுகை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. திரை ஓரம் அசைந்தது. மூடிய லேப்டாப் ஒன்று தரையோடு நகர்ந்து வெளியே வந்தது. அதைத் தள்ளிய விரல்கள் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. வளையல் இல்லாத கை.

அவன் லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் இணைத்தான். பெட்டியைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, மூடிகளைக் கழற்றி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினான். லேப்டாப் திரையில் பதிவுகள் வரிசையாக நின்றன. பெயருக்குப் பதில் தேதிகள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக ஒரு குடித்தனம்.

"எல்லாம் வருமான்னு சொல்ல முடியாது" என்றான். "எத மொதல்ல எடுக்கணும்னு சொல்லுங்க. அந்த வரிசையில எடுக்கிறேன்."

இப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. மீரா சாகிபுதான் முதலில் வாய் திறந்தார்.

"கடைசியாப் பேசுனத எடுங்க தம்பி. கடைசி வெள்ளிக்கெழம. அன்னைக்கு நான் தொழப் பள்ளிக்குப் போயிட்டேன். எங்கிட்டப் பேசல."

"உங்களப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல மாமா" என்று திரைக்குள்ளிருந்து காலிதா சொன்னாள். குரலில் இரக்கம் இருந்தது. "தண்ணி மோட்டாருக்குப் புது வயர் மாத்தச் சொன்னாக. அவ்வளவுதான் பேசுனாக. பொறகு லைன் போயிருச்சு."

பெரியவர் தலையசைத்தார். "மோட்டார் வயரா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "மாத்தலயே."

"நோம்புப் பெருநாள் அன்னைக்கு உள்ளத எடுங்க அண்ணே" என்றாள் காலிதா. "அதுல உம்மா உம்மான்னு மாமிகிட்ட நெறையப் பேசிருக்காக. பாட்டுக்கூட ஒண்ணு பாடுனாக, கேலிக்கு. மாமிக்கு அது வேணும்."

"ஏண்டி, ஒனக்குள்ளத மொதல்ல எடுக்கச் சொல்லு" என்றாள் ஹமீதா பானு.

"ரெண்டாவது என்னுது." ஒரு தேதியைச் சொன்னாள். யோசிக்காமல், நாக்கு நுனியில் வைத்திருந்ததுபோல. அது கல்யாண நாளும் இல்லை, மஹ்மூது ஊர் கிளம்பிய நாளும் இல்லை. ஐப்பசியில் சும்மா ஒரு வெள்ளிக்கிழமை.

நாகநாதன் பெருநாளைத் தொடங்கிவைத்தான். பச்சைக் கோடு ஒன்று மெல்ல வளர ஆரம்பித்தது. பதிவைத் திறந்து பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். டிஸ்க் சில நேரம் ஒழுங்காகச் சுழன்றது. சில நேரம் டிக் டிக் என்று தடுமாறி நின்றது. நிற்கும்போது கோடும் நிற்கும். கோடு நின்றால் கூடத்தில் எல்லோருடைய மூச்சும் நின்றது. மறுபடி நகரும்போது ஹமீதா பானு வாய்க்குள் ஏதோ ஓதினாள்.

மத்தியானம் கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சென்று கத்தியது. பெட்டி நிற்கவில்லை, ஆனால் மேசை விசிறி நின்றுவிட்டது. நாகநாதன் கையை டிஸ்க்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். சூடு ஏறிக்கொண்டிருந்தது.

மீரா சாகிபு எழுந்து போய் ஓலை விசிறி ஒன்றை எடுத்துவந்தார். பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து வீசத் தொடங்கினார்.

"பட்டுறாம வீசுங்க மாமா. தொடக் கூடாது."

"தொடாமத்தான் வீசுறேன்." அவர் கை ஒரே சீராகப் போய் வந்தது. "பெத்த புள்ள மய்யித்தையே தொடல."

 அவர் தோள் வலித்ததும் ஹமீதா பானு வாங்கிக்கொண்டாள். பிறகு மறுபடி அவர். யு.பி.எஸ். தாக்குப்பிடிக்காது என்று நாகநாதன் பயந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. மேசை விசிறி சுற்றத் தொடங்கியது. பெரியவர் அதைக் கவனிக்காமல் இன்னும் சிறிது நேரம் வீசிக்கொண்டே இருந்தார்.

பெருநாள் முழுதாக வந்து சேர்ந்தது. நாகநாதன் அதைச் சொன்னதும் ஹமீதா பானு சுவரில் சாய்ந்துகொண்டாள். "இருக்கட்டும். பத்திரமா இருக்கட்டும். இப்ப என்னால கேக்க ஏலாது" என்றாள்.

அவன் ஐப்பசி வெள்ளிக்கிழமையைத் தொடங்கினான். அது மற்றவற்றைவிடப் பெரியதாக இருந்தது. இவ்வளவு நேரம் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்து, நினைத்ததற்காகவே கூச்சப்பட்டான். கோடு கால்வாசி வந்தது. பாதியைத் தாண்டும்போது டிக் டிக் நின்று, தகரத்தின் மேல் ஆணியால் கீறுகிற சத்தம் நீளமாகக் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. வலதுபக்கத்து விளக்கும் சிவப்பானது.

நாகநாதன் அணைத்தான். ஆறவிட்டான். மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்தான். வலதுபக்கம், இடதுபக்கம், வெளியே தனியாக வைத்து, தெரிந்த எல்லா வழியிலும் பார்த்தான். கீறல் சத்தத்தைக் கேட்டவனுக்கு விடை தெரியும். ஆனாலும் வெயில் ஜன்னலை விட்டு நகரும்வரை அவன் கையை எடுக்கவில்லை. கையை எடுத்துவிட்டால் பேச வேண்டியிருக்கும்.

கடைசியில் பேசினான். "பெருநாள் பூராவும் வந்துருச்சு. ரெண்டாவது பாதிக்குக் கொஞ்சம் மேல வந்திருக்கு. மத்தது..." சொல்லி முடிக்கவில்லை. "சென்னையில டிஸ்க்கப் பிரிச்சு எடுக்கிற எடம் இருக்கு. கேட்டுப் பாக்கலாம். ஆனா தட்டுல கீறல் விழுந்திருச்சு. அவுகளாலயும் ஆகுமான்னு தெரியல."

"நாலு பேரு கையில போக வேணாம்" என்றாள் காலிதா.  கடற்கரைப் பக்கமிருந்து யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. "அந்தப் பாதியக் குடுங்க" என்றாள்.

அவன் அந்தப் பதிவை லேப்டாப்பிலும் இறக்கி, திறந்து பார்க்காமலே லேப்டாப்பை மூடினான். ஹமீதா பானு அதை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். நாகநாதன் பெட்டியின் மூடிகளைத் திரும்ப மாட்டத் தொடங்கினான். இனி மாட்டுவதற்கு அர்த்தமில்லை என்றாலும் திறந்து கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே பதிவு ஓடத் தொடங்கியது தெரிந்தது. ஏ.சி. மெஷினின் இரைச்சல் போல ஒன்று மெலிதாகக் கேட்டது. பேச்சு வரும் என்று அவனையறியாமல் காது கொடுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தான். அந்த இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. வந்த பாதியும் கெட்டுத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தான்.

"சத்தம் வரலையா தங்கச்சி?" என்று எழுந்து நின்று கேட்டான். "குடுங்க, பாக்குறேன். சத்தம் மட்டும் விட்டுப் போயிருக்கும். ஏதாச்சும் செஞ்சு..."

ஹமீதா பானு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மீரா சாகிபுவும் எழுந்துவிட்டார். "என்னவாம்? படமும் வரலையா? என்னன்னு சொல்லு புள்ள!"

 பிறகு திரைக்கு இந்தப் பக்கம் ஹமீதா பானுவின் முகம் மட்டும் வந்தது. ஒரு விரலை உதட்டின் மேல் வைத்திருந்தாள்.

"சத்தம் போடாதீக" என்றாள். "ராத்திரி வேலை பாத்துட்டு வந்து, பேச உக்காந்ததுமே தூங்கிட்டான். தூங்குறான்."

அவள் மறுபடி உள்ளே போனாள். மீரா சாகிபு நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்கு இருமல் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். நாகநாதன் கையிலிருந்த திருப்புளியைப் பாயின் மேல், சத்தம் வராமல், படுக்க வைத்தான்.